இடம் மாறிய அரை மாத்திரை

திண்டிவனம் பேருந்து நிலையத்தில் நடத்துநர் ‘விழ்ப்ரம், விழ்ப்ரம்’ எனக் கூவுகின்றார். இரண்டு உகரங்களை விழுங்கிவிட்டார். ஆயினும் மூட்டையோடு நிற்கும் உழவரும் கூடையோடு நிற்கும் மூதாட்டியும் தவறாது அவ்வண்டியிலேயே ஏறுகின்றனர். செவி குறையாகக் கேட்டதை மூளை நிறைவு செய்துகொள்கின்றது. அதே மூதாட்டியிடம், ஆங்கிலப் பலகையைப் பார்த்து ஊர்ப்பெயர் கற்ற ஓர் இளைஞன் ‘வில்லுபுரம்’ என்று சொல்லட்டும். எழுத்தொன்றும் விழுங்கப்படவில்லை, ஆனால் அவர், ‘எந்த ஊரு?’ என்று திருப்பிக் கேட்பார்.

கணக்கிட்டுப் பார்க்க. விழுப்புரம் ஐந்து மாத்திரை. வில்லுபுரமும் ஐந்தே மாத்திரை. கூட்டுத்தொகையில் மாற்றமில்லை. ழகரம் போனது ஒரு கேடு. பகரத்தின்மேல் நின்ற அரை மாத்திரை லகரத்திற்குத் தாவியது மற்றொரு கேடு. முதலாவதற்காக வருந்துவோர் பலர். இரண்டாவதைக் கருதுவோர் அரியர்.

தமிழ், காலத்தால் பொருள் வேறுபடுத்தும் மொழி. கல், கால் என்பவற்றிடையே உள்ளது நீட்டம். எடு, எட்டு என்பவற்றிடையே உள்ளதோ பெரும்பாலும் அமைதி. ‘எட்டு’ என்கையில் நா அண்ணத்தைத் தொட்டபடி ஒலியின்றிச் சற்றே நிற்கின்றது. ஒரு நொடியின் சிறு கூறேயாகும் அவ்வெற்றுப்பொழுதை மூளை அளந்து பொருள் கொள்கின்றது. கண்ணிமைத்தலையும் கைந்நொடித்தலையும் அளவாக்கி, குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை எனத் தொல்காப்பியர் வகுத்தது வெறும் யாப்புக் கணக்கன்று. செவியறிந்த புலவர் கண்ட மொழியியல்பு.

மூளையின் இடப்பக்கத்தில் செவியை ஒட்டிய பகுதி சிதைந்தவர், ஒலியைக் கேட்டும் சொற்பொருள் உணரார் என்பதைச் செருமானிய மருத்துவர் வெர்னிக்கு 1874-இல் விளக்கினார். பேச்சில் அசைகள் எழுந்து தாழும் ஓட்டத்தோடு, நொடிக்கு ஏறத்தாழ 4 முதல் 8 முறை என்னும் அளவில், மூளையின் மின் அலைகளும் ஒத்தியங்குவதைப் பின்வந்த ஆய்வாளர் கண்டனர்.

இவ்வளவையைக் குழவி பள்ளியிலா கற்கின்றது? தாயின் பேச்சோட்டம் கருவிலேயே அதன் செவிக்கு எட்டிவிடுகின்றது. கனடா நாட்டில் வெர்க்கர், தீசு என்னும் இருவர் 1984-இல் வெளியிட்ட ஆய்வு நோக்கற்குரியது. ஆங்கிலம் கேட்டு வளரும் குழவிகள் 6 முதல் 8 திங்கள் அகவையில், இந்தியின் தகர டகர வேற்றுமையை உணர்ந்தன. 10 முதல் 12 திங்களுக்குள் அவ்வுணர்வு பெரிதும் மங்கிவிட்டது. கேளாத வேற்றுமையை மூளை பொருட்படுத்துவதில்லை.

மாந்த மூளை பல மொழிகளைத் தாங்கவல்லது. ஆங்கிலம் கற்பதனால் எந்தப் பிள்ளைக்கும் தமிழ் அழிந்துவிடாது. தமிழைக் கேளாமையால்தான் அழியும். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும், தாம் இருபது அகவையில் தட்டுத்தடுமாறிக் கற்ற ஆங்கிலத்தையே மூன்று அகவைப் பிள்ளையிடம் வீட்டிலும் பேசும் பெற்றோர் உளர். பிள்ளைக்கு ஆங்கிலத்தின் ஓட்டமும் வாய்க்கவில்லை. தமிழின் அளவும் வாய்க்கவில்லை.

ஊர்ப்பெயர்களைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப ஆங்கிலத்தில் எழுதுமாறு தமிழக அரசு இட்ட ஆணை 2020 சூன் திங்களில் வெளியானது. பெயர்கள் 1018. சில நாள்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. (சங்கக் காலக் கிடங்கில் திண்டிவனத்துள் ஒடுங்கியது தனியே எழுதற்குரியது.) இன்று விழுப்புரத்திற்குத் தொடர்வண்டித் துறையின் ஆங்கிலக் கூட்டலில் ‘எல்’ இரண்டு, ‘பி’ ஒன்று, மாவட்ட ஆட்சியின் கூட்டலில் ‘எல்’ ஒன்று, ‘பி’ இரண்டு. ழகரம் இரண்டிலும் இல்லை. எனினும் பின்னதிலாவது அரை மாத்திரை தன் இடத்தில் நிற்கின்றது. தொடர்வண்டித் துறை முதற்கண் அதையேனும் தன் பலகையில் ஏற்றட்டும்.