குளிப்பாட்டினால் மட்டும் போதுமா?



சைக்கிளைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் "வேற விஷயமே கிடைக்கலையா?" என்று மலர்க் குழுவிலேயே ஒருவர் சிரித்தார். சிரிக்கட்டும். நம் ஸ்டாண்டில் நிற்கும் கியர் சைக்கிள்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே ஒரே பளபளப்பு! முன் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிவிட்டால் உள்ளே 'கர்... கர்...' என்று அம்மியில் மிளகாய் அரைக்கிற சத்தம். பெயர் மட்டும் மவுண்டன் பைக். மலை வேண்டாம், ரயில்வே மேம்பாலம் ஏறுவதற்குள் நாக்கு தள்ளுகிறது.

சுத்தம் செய்யாததால் இந்த நிலைமை வரவில்லை, சுத்தம் செய்கிற விதத்தால்தான் வந்தது என்பது என் கட்சி.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் செம்மண் பாதையில் ஒரு சுற்று. திரும்பி வரும்போது வாட்டர் சர்வீஸ் கடையில் வண்டியை நிறுத்தி, "அண்ணே, நல்லா அடிங்கண்ணே!" அவரும் மோட்டார் பைக்குக்கு அடிப்பது போலவே குழாயை ஹப்பின் பக்கவாட்டில் பிடித்து 'சர்ர்'ரென்று அடிக்கிறார். சேறு போய்விடுகிறது, சந்தோஷம். ஆனால் அந்தத் தண்ணீர் எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை. ஆக்சிலை ஒட்டியிருக்கும் சீல், தூசியையும் சாரலையும் தடுக்கத்தான் செய்யப்பட்டது. பீய்ச்சி அடிக்கும் தண்ணீரை அது தாங்காது. உள்ளே போன தண்ணீர் கிரீஸோடு கலந்து, கிரீஸ் மோர் மாதிரி வெளுத்துப் போகும். பத்து நாள் வண்டி நின்றால் குண்டுகளில் துருப்புள்ளி. அப்புறம் ஓட்ட ஓட்ட அந்தத் துருவே அரைக்கும் தூளாகிவிடும்.

நாமெல்லாம் மெக்கானிக்கல் படிக்கிறவர்கள். பேரிங்கின் குறுக்குவெட்டுத் தோற்றத்தை மார்க்குக்காக அழகாக வரைவோம். பேரிங் ஆயுள் கணக்கில் C-யை P-யால் வகுத்து மும்மடி எடு என்றால் தூக்கத்தில்கூடச் சொல்வோம். விடை பத்து லட்சம் சுற்றுகளில் வரும் என்பதும் தெரியும். சரி, நம் சைக்கிளுக்கு அதைப் போட்டுப் பார்த்தோமா? 26 அங்குல சக்கரம் ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே போகும். தினம் போக வர 20 கிலோமீட்டர் என்றால் ஏறக்குறைய 9,600 சுற்று. வருடத்தில் 260 நாள் ஓட்டினால் 25 லட்சம்! இத்தனை சுற்றும் கடுகளவு இடத்தில் குண்டு தொட்டுக்கொண்டு நம் எடையைச் சுமக்கிறது. நடுவில் இருப்பது மயிரிழையிலும் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றுதான். அதைத்தான் காசு கொடுத்துக் கழுவிவிட்டு வருகிறோம்.

இன்னொரு வேடிக்கை. மவுண்டன் பைக் பிறந்த கதையே கிரீஸ் கதைதான். அமெரிக்காவில் காலிபோர்னியா மாநிலம் மரின் கவுண்டியில், 1976 அக்டோபரில் சில இளைஞர்கள் பழைய குண்டு டயர் சைக்கிள்களை மலைமேல் ஏற்றிச் சென்று மண்பாதையில் கீழே விட்டுப் பந்தயம் நடத்தினார்கள். பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் ஹப்புக்குள்ளேயே பிடிக்கிற பிரேக். 1,300 அடி இறங்கி வருவதற்குள் ஹப் கொதித்து, உள்ளே இருந்த கிரீஸ் புகையாகப் போய்விடும். மறுபடி ஹப்பைப் பிரித்துக் கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அதனாலேயே அந்தப் பாதைக்கு 'ரீபேக்' என்று பெயர் வந்தது. திரும்ப அடைப்பது என்று அர்த்தம். ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், சார்லி கெல்லி எல்லாம் அங்கே கையில் கிரீஸ் பூசிக்கொண்டு நின்றவர்கள்தான். நமக்கோ நகத்தில் கறுப்பு ஒட்டினால் கவுரவம் போய்விடுகிறது!

சரி, எப்படித்தான் கழுவுவது? ஒரு வாளித் தண்ணீர், கொஞ்சம் சோப்பு, ஒரு பழைய பிரஷ். மேலிருந்து ஊற்றுங்கள், ஆக்சிலுக்கு நேராகப் பக்கவாட்டில் வேண்டாம். செயினைத் தனியாகக் கழற்றி மண்ணெண்ணெயில் போட்டு எடுங்கள். மாட்டியபடியே மண்ணெண்ணெய் அடித்தால் அது வழிந்து ஹப்பின் கிரீஸைக் கரைத்துவிடும். டிஸ்க் பிரேக் வண்டி என்றால் தட்டில் எண்ணெய் ஒரு சொட்டு படக்கூடாது, பட்டால் பிரேக் பிடிக்காது. காய்ந்த துணியால் துடைத்தால் தீர்ந்தது. இதற்கு மேல் இதில் வித்தை ஒன்றும் இல்லை.

வித்தை ஹப்புக்குள்ளே இருக்கிறது. சைக்கிள் கடை அண்ணன்கள் 'ஓவராயில்' என்பார்களே, அது. (ஓவர்ஹால் என்ற வார்த்தைக்குள் ஆயிலைச் சேர்த்த புத்திசாலி யாரோ!) கீழே ஒரு துணியை விரித்து, மெல்லிய கோன் ஸ்பேனரால் கோனைப் பிடித்து லாக் நட்டை அவிழ்க்கணும். பெரும்பாலான முன் ஹப்பில் ஒரு பக்கத்துக்கு 3/16 அங்குலக் குண்டு பத்து, பின் ஹப்பில் கால் அங்குலக் குண்டு ஒன்பது. எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். கோனிலும் கப்பிலும் ஊசி முனையால் தடவினால் எங்கேயாவது தட்டுகிறதா? குழி விழுந்துவிட்டது என்று அர்த்தம். கோனை மாற்றலாம். குண்டுகளை எப்படியும் மொத்தமாக மாற்றிவிடுவது நல்லது. பழசோடு புதுசைக் கலந்தால் தேயாத புதுக் குண்டே பாரத்தையெல்லாம் தூக்கும். ஆனால் கப் பெரும்பாலும் ஹப்போடு அழுத்திப் பொருத்தப்பட்டது. அதில் குழி விழுந்தால் ஹப்பே போச்சு. 36 ஸ்போக்ஸ் கம்பியையும் அவிழ்த்து, வேறு ஹப்பில் கட்டி, கோட்டம் எடுக்கணும். ஒரு ஸ்பூன் கிரீஸுக்குப் பார்த்தால் சக்கரமே செலவு!

கோனை இறுக்குவதுதான் கடைசிப் பரீட்சை. கூட இறுக்கினால் குண்டு நெரியும். குறைவாக விட்டால் ரிம் பக்கவாட்டில் ஆடும். சரியாக வைத்து லாக் நட்டை முறுக்கினால் கோனும் கூடவே கொஞ்சம் நகர்ந்து தொலைக்கும். மூன்று தடவை, நாலு தடவை திரும்பத் திரும்பச் செய்தால்தான் கைக்குப் பிடிபடும். எந்தப் பாடப்புத்தகமும் அந்தக் கைப்பதத்தைத் தராது. எங்கள் தெரு சைக்கிள் கடை அண்ணன் எட்டாவது வரைதான் படித்தவர். சக்கரத்தைச் சுற்றிவிட்டு ஃபிரேமில் விரலை வைத்தே "தம்பி, இடப்பக்கம் இறுக்கம்" என்பார். நம் டிப்ளமோவில் அந்த விரலுக்கு எத்தனை மார்க் போடலாம்?

"இப்ப வர்றதெல்லாம் சீல்டு பேரிங், ஒண்ணும் பண்ண வேணாம்" என்று சிலர் சொல்கிறார்கள். பாதி நிஜம். பிரிக்க வேண்டாம், ஆனால் பார்க்கணும். கரகரத்தால் மாற்றணும். அதன் மேலேயே 6001 2RS என்கிற மாதிரி எண் இருக்கும். கடைசி 01 என்றால் உள்விட்டம் 12 மி.மீ., 2RS என்றால் இரண்டு பக்கமும் ரப்பர் சீல். அந்த எண்ணைச் சொன்னால் மோட்டார் பேரிங் கடையிலேயே கிடைக்கும். சைக்கிள் கம்பெனி பெயர் போட்ட டப்பாவுக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை.

இதெல்லாம் பொழுதுபோக்குக்காரர்கள் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். நம்மில் பாதிப் பேருக்குச் சைக்கிள்தான் பஸ் காசு. சக்கரம் போனால் வண்டி வீட்டுத் திண்ணையில் நிற்கும். ஆள் இரண்டு பஸ் மாறி, முதல் பீரியட் முடிந்து வகுப்புக்கு வருவான். அட்டெண்டன்ஸ் குறைந்தவர்கள் பட்டியலில் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே நம் மாணவர் பேரவைக்கு ஒரு கோரிக்கை. விளையாட்டு விழாப் பந்தல் செலவில் ஒரு சிறு பங்கு போதும். 13, 15 மி.மீ. கோன் ஸ்பேனர் நாலு ஜோடி, ஒரு கிலோ லித்தியம் கிரீஸ், இரண்டு அளவில் குண்டு பாக்கெட்டுகள். வருடத்துக்கு இரண்டு சனிக்கிழமை: ஐப்பசி மழைக்கு முன்னால் ஒன்று, மழை ஓய்ந்து தையில் ஒன்று. ஒர்க்‌ஷாப்பைத் திறந்துவிட வேண்டும், மேலே சொன்ன மாதிரி ஒரு அண்ணனுக்குச் சம்பளம் கொடுத்து நமக்கு ஆசிரியராகக் கூப்பிட வேண்டும். ஓசியில் கூப்பிடக் கூடாது, அன்றைக்கு அவர் கடை மூடியிருக்கும். குண்டுகளை எண்ணிப் போட்டு வைக்க ஊறுகாய் ஜாடி மூடிகள் ஏழெட்டு வீட்டில் சேர்த்து வைத்திருக்கிறேன், கொண்டு வருகிறேன்.