கொம்பூதும் ரொட்டிக்காரனும் பொருள் தேடுவோரும்

கடைக்காரன் ஒருவன் கடைக்காரனாகவே சித்திரத்தில் நிற்றல் ஆகாதா? வேறொன்றின் குறியீடாக வந்தால்தான் கலையுலகம் அவனுக்கு ஆசனம் இடுமா? நெதர்லாந்தின் ஹார்லெம் நகரத்து ஓவியர் அட்ரியான் வான் ஓஸ்டாடே (1610–1685) செப்புத் தகட்டில் அரித்து அச்சிட்ட சிறு சித்திரம் ஒன்றை முன்னிறுத்தியே இவ்வினாவை எழுப்புகின்றோம்.

1664-ஆம் ஆண்டளவில் ஆக்கப்பட்டதாகக் கருதப்படும் அச்சித்திரம் உள்ளங்கையளவினது. கடைக்கதவு குறுக்கே இரண்டாகப் பகுக்கப்பட்டது. கீழ்ப்பாதி சாத்தியிருக்க, திறந்த மேற்பாதியின் வழியே சாய்ந்து நின்று ரொட்டிக்காரன் கொம்பூதுகிறான். ரொட்டி சுடச்சுட அடுப்பிலிருந்து இறங்கிவிட்டது என்பதே அவ்வூதலின் பொருள். அறைகூவல், அறிவிப்பு, விளம்பரம் மூன்றும் அந்த ஒரு கொம்பே.

இதில் என்ன இருக்கிறது என்று உதட்டைப் பிதுக்குவார் உளர். அக்காலத்து டச்சு நகரங்களில் தானிய விலையின் ஏற்ற இறக்கத்திற்கேற்ப ரொட்டியின் எடையையும் விலையையும் நகர ஆட்சியினரே வரையறுத்தனர். எளிய குடும்பங்களின் வருவாயில் பெரும்பங்கை ரொட்டியே விழுங்கியது. எனவே அக்கொம்பொலி கேட்டு எத்தனை தாய்மார் முந்தானையில் முடிந்த காசை, மன்னிக்க, அவர்தம் வழக்கப்படி பையிலிருந்த காசை, எண்ணிப் பார்த்திருப்பர்! அரசர் முடிசூடும் காட்சியைவிட இக்காட்சி எவ்வகையில் தாழ்ந்தது?

உதட்டைப் பிதுக்குவோரைவிட நாம் அதிகம் அஞ்சுவது பொருள் தேடும் புலவர்களைத்தான். 1976-இல் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தில் நடந்த கண்காட்சி ஒன்றின் வாயிலாக, எடி டி யோங் என்ற அறிஞரும் அவர் வழியினரும் இத்தகைய அன்றாடக் காட்சிகளுக்குள் அறவுரைகள் மறைந்துள்ளன என்று விளக்கினர். அதற்கு எதிராக 1983-இல் ஸ்வெட்லானா ஆல்பர்ஸ், டச்சுக் கலை கண்டதைக் கண்டவாறு விவரிக்கும் கலை என்று நூலெழுதினார். நாம் ஆல்பர்ஸ் அம்மையாரின் கட்சி.

எதிர்க்கட்சிக்குச் சான்றே இல்லை என்று சொல்லமாட்டோம். 1694-இல் யான் லைக்கனும் அவர் மகன் காஸ்பரும் நூறு தொழில்களைச் சித்திரித்து வெளியிட்ட நூலில், ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு நீதிச் செய்யுள் கட்டப்பட்டுள்ளது. கட்டியவர் தாமே கட்டினார். அது அவர் உரிமை. அதைக் கொண்டு ஓஸ்டாடேயின் ரொட்டிக்காரனையும் உபதேசியாக்குவது எவ்வாறு பொருந்தும்? நேரிய சொல்லுக்கும் உட்பொருள் கற்பிக்கும் நம் உரையாசிரியர் சிலரின் பிள்ளைகள் அங்கும் பிறந்துவிட்டனர் போலும்!

இன்னொன்றும் கேட்கின்றோம். யான் ஸ்டீன் 1658-இல் லெய்டன் நகரத்து ரொட்டிக்காரர் ஆரெண்ட் ஓஸ்ட்வார்டையும் அவர் துணைவியாரையும் தம் ரொட்டிகளோடு நிற்கத் தீட்டினார். அங்கும் ஒரு சிறுவன் கொம்பூதுகிறான். பெயரும் ஊரும் தெரிந்த அவ்விருவரை எந்தக் குறியீட்டுப் பெட்டிக்குள் அடைப்பது? உழைப்பவனை உழைப்பவனாகவே காண்பதில் இவர்களுக்கு என்ன கூச்சம்?

அக்கூச்சம் நம்மிடமும் இல்லாமலில்லை. வெளிமாநிலத்தில் நாம் குடியேறிய நாள்முதல் நமக்குக் கடனுக்கு அரிசியும் காப்பித் தூளும் தந்து, வந்த கடிதத்தையும் வாங்கிவைத்தவர் நம் கடைக்காரர். நம் சங்க மலர்களிலோ சோழ மன்னரும் புலவரும் முன்பக்கங்களில் அமர, அவர் கடைசிப் பக்கங்களில், அதுவும் காசு கொடுத்த விளம்பரமாக, கால்பக்கத்திற்குள் முடங்குகிறார். அடுத்த மலரில் அவர் தராசு பிடித்து நிற்கும் படம் ஒன்றை நடுப்பக்கத்தில் இடுமாறு மலர்க்குழுவினரைக் கேட்டுக்கொள்கின்றோம், கட்டணம் வாங்காமல்.