கம்பம் திராட்சைக் கடைத் தம்பிகளுக்கு

"ரோட்டுல போறவன் திரும்பவா வரப்போறான்?" கம்பத்திலிருந்து குமுளி போகும் சாலையில் திராட்சைக் கடை போட்டிருக்கும் தம்பிகள் பலர் இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள். சுத்தத் தப்பு. கார்த்திகை, மார்கழியில் மாலை போட்ட சாமிகள் வருடா வருடம் இதே வழியாகத்தான் சபரிமலை போகிறார்கள். ஒரு குருசாமி ஏமாந்தால் அடுத்த வருடம் அவர் கூட்டிவரும் வண்டியே உங்கள் கடையில் நிற்காது.

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. போர்டில் எழுதி வைக்கிறீர்கள், சந்தோஷம். பெட்டியில் மேலே நல்ல கொத்து, அடியில் அழுகல் என்றால் அந்தக் குறியீடு என்ன செய்யும்? பாடுபட்ட விவசாயியின் பெயரும் சேர்ந்து கெடுகிறது.

பெரிய வித்தை எதுவும் வேண்டாம். தராசின் எண்கள் வாங்குபவருக்கும் தெரியட்டும். கூடையின் எடையைக் கழித்து நிறுங்கள். மின்னணுத் தராசுக்கு வருடம் ஒருமுறை முத்திரை கட்டாயம். உங்களில் எத்தனை பேர் போட்டிருக்கிறீர்கள்? காரில் வருபவருக்கு ஒரு விலை, பஸ்ஸில் வருபவருக்கு ஒரு விலை என்பதை விட்டுவிட்டு, சிலேட்டில் எழுதி மாட்டுங்கள். உதிரியை உதிரி என்று சொல்லியே குறைந்த விலைக்கு விற்கலாம், ஜூஸ் போட வாங்குவார்கள்.

"லாபமே இல்ல சார்" என்பவரிடம் நோட்டைக் கேட்டால், நோட்டே கிடையாது! வீட்டுக் காய்கறிக்கும் கல்லாப்பெட்டி, பிள்ளையின் பஸ் காசுக்கும் கல்லாப்பெட்டி. பிறகு லாபம் எப்படித் தெரியும்? இறங்கியது எத்தனை பெட்டி, மிஞ்சியது எவ்வளவு, வீட்டுக்கு எடுத்தது எவ்வளவு. ராத்திரி மூன்று வரி எழுதினால் போதும். நாலாம் வகுப்புக் கணக்குதான்.

கார்த்திகை ஒன்றாம் தேதிக்குள் தராசைத் திருப்பி வைத்துவிடுங்கள், தம்பிகளா.