பழைய நானோ கார் வாங்கலாமா?



டாக்டர்கிட்ட சுகர் பத்திக் கேப்பாங்க, பிரஷர் பத்திக் கேப்பாங்க. கொஞ்ச நாளா ஓ.பி.யில இன்னொரு கேள்வியும் வருது.

"சார், செகண்ட் ஹேண்ட்ல ஒரு டாட்டா நானோ வருது. பைக் விலைதான் சொல்றாங்க. வாங்கலாமா?"

கேக்கிறவங்க யாரு? புதூர், நாகலாபுரம், சூரங்குடி, குளத்தூர் பக்கத்து ஆளுங்க. புருசன், பொண்டாட்டி, ரெண்டு பிள்ளைங்க, சில சமயம் மடியில ஒரு மிளகாய் வத்தல் பையும் சேர்த்து ஒரே பைக்கில வர்றவங்க. அவங்களுக்கு இது கார் ஆசை இல்ல. மழையில நனையாம, பிள்ளை தூங்கி விழாம ஊர் போய்ச் சேரணும், அவ்வளவுதான்.

இன்னொரு கூட்டமும் கேக்குது. காலேஜ் முடிச்ச தம்பிமார்கள். "சார், நானோ ரியர் வீல் டிரைவ் சார். ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி. ரெண்டு அலாய் வீல் போட்டு, சைலன்சர் மாத்தினா தூள் கிளப்பும்."

ரெண்டு பேருக்கும் என் பதில் வேற வேற. காரைப் பத்தி டாக்டர் ஏன் பேசணும்னு கேட்டா.. ரோட்டுல நடக்கிறது கடைசியில வந்து சேருற இடம் எங்க கேஷுவாலிட்டி மேஜைதான்.

முதல்ல இந்தக் கார் என்னன்னு பார்ப்போம்

2008 ஜனவரி 10-ம் தேதி டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் ரத்தன் டாட்டா நானோவை அறிமுகப்படுத்தினார். 2009 மார்ச்சில் விற்பனைக்கு வந்தது. ஒரு லட்ச ரூபாய் கார்னு உலகமே பேசுச்சு. ஒரே ஸ்கூட்டர்ல ஒரு குடும்பமே நெருக்கி உட்கார்ந்து மழையில போனதைப் பார்த்துதான் இந்த யோசனை வந்ததுன்னு அவரே சொல்லியிருக்கார். அதாவது இது பிறந்ததே நம்ம ஓ.பி.யில கேள்வி கேக்கிற அந்தக் குடும்பத்துக்காகத்தான்.

624 சிசி, ரெண்டு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். எடை சுமார் 600 கிலோ. நீளம் மூணு மீட்டருக்குக் கொஞ்சம் மேல. இன்ஜின் இருக்கிறது பின்சீட்டுக்கு அடியில. இழுக்கிறதும் பின்சக்கரம்தான்.

இன்னைக்கு விக்கிற சின்ன கார்கள்ல கிட்டத்தட்ட எல்லாமே முன்சக்கரம் இழுக்கிற வண்டிங்க. ஆனா பின்சக்கர இழுவை நமக்குப் புதுசு இல்ல. அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, மாருதி ஆம்னி எல்லாமே பின்சக்கரம்தான். அதுங்கள்ல இன்ஜின் முன்னாடி இருக்கும். நானோவில இன்ஜினும் பின்னாடியே. நல்லது கெட்டது ரெண்டுமே இங்கதான் ஆரம்பிக்குது.

சாதகங்கள்

1) முன்பக்கம் எடை கம்மி. அதனால பவர் ஸ்டீயரிங் இல்லாமலே லேசா திரும்பும். 2014-ல வந்த ட்விஸ்ட் மாடல்ல இருந்துதான் பவர் ஸ்டீயரிங் வந்துச்சு. அதுக்கு முந்தின வண்டியையும் வயசானவங்க சிரமமில்லாம ஓட்டலாம்.

2) நாலு மீட்டர் ஆரத்துல வட்டம் அடிச்சுத் திரும்பிடும். நம்ம ஊர் பஜார்ல சந்தை நாள் அன்னைக்கு வண்டி திருப்பிப் பார்த்தவங்களுக்கு இதோட அருமை தெரியும்.

3) இன்ஜின் எடை முழுக்க இழுக்கிற சக்கரத்து மேல உட்காருது. அதனால மேடு ஏறும்போதும் லேசான சகதியில கிளம்பும்போதும் பின்சக்கரம் சும்மா சுத்தாம பிடிச்சு ஏறும். தரையிலிருந்து 180 மில்லிமீட்டர் உயரம் இருக்கு. வேகத்தடையில அடி தட்டாது.

4) தலைக்கு மேல இடம் தாராளம். வேட்டி கட்டின அண்ணாச்சியும் முட்டி வலி இருக்கிற ஆத்தாவும் குனியாம ஏறி உட்காரலாம். முட்டித் தேய்மானத்தோட வர்றவங்களைத் தினமும் பார்க்கிறவன் சொல்றேன், இது சின்ன விஷயம் இல்ல.

5) மழை, வெயில், புழுதி, பூச்சி. நாலுல இருந்தும் பாதுகாப்பு. தூக்கக் கலக்கத்துல பிள்ளை கீழ விழாது.

கடைசி பாயிண்ட்டை லேசா எடுத்துக்காதீங்க. 2022-ல இந்தியாவில சாலை விபத்துல செத்தவங்க 1,68,491 பேர். இதுல நூத்துக்கு 44 பேருக்கு மேல டூ வீலர்ல போனவங்க. அந்த ஒரே வருஷத்துல தமிழ்நாட்டுல மட்டும் 17,884 உயிர் போயிருக்கு. கேஷுவாலிட்டியில டியூட்டி பார்க்கிற எந்த டாக்டருக்கும் இந்தக் கணக்கு ஆச்சரியமா இருக்காது. ஹெல்மெட் போடாத தலை, டேங்க் மேல உட்கார்ந்திருந்த குழந்தை.. இதுக்கு மேல எழுத விரும்பல.

இப்போ பாதகங்கள். இதைத்தான் கவனமா படிக்கணும்

1) 2014 ஜனவரியில குளோபல் என்கேப் அமைப்பு நானோவை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்துல மோத விட்டுச் சோதிச்சது. பெரியவங்க பாதுகாப்புக்குக் கிடைச்ச நட்சத்திரம் பூஜ்யம். அன்னைக்குச் சோதிச்ச ஆல்டோ 800, ஐ10, ஃபிகோ, போலோ எல்லாமே பூஜ்யம்தான், மறுக்கல. ஆனா ஃபிகோ, போலோவோட கூடு அப்படியே நின்னுச்சு. நானோவோட கூடு நிக்கல. காத்துப்பை இருந்தாலும் பெருசா காப்பாத்தாதுங்கிற நிலைமை. இது பெல்ட் போட்டிருந்த பொம்மையை வெச்சு நடந்த சோதனை. பெல்ட் போடாத நம்ம ஆளை யோசிச்சுப் பாருங்க.

2) ஏர்பேக் கிடையாது. ஏபிஎஸ் கிடையாது. நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான். இந்தியாவில எல்லாப் புதுக் காருக்கும் ஏபிஎஸ் கட்டாயமானது 2019 ஏப்ரல்ல. டிரைவர் ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலையில. அதுக்கு முன்னாடியே நானோ கதை முடிஞ்சு போச்சு. 2018 ஜூன் மாசம் ஃபேக்டரியில மொத்தமா செஞ்சதே ஒரே ஒரு வண்டி.

3) பின்பாரம். வளைவுல வேகமா போய்ட்டு, பயந்து போய் சட்டுன்னு ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தாலோ பிரேக்கை அமுக்கினாலோ எடை முன்னாடி பாயும். பின்சக்கரத்தோட பிடி குறையும். பின்பக்கம் வெளியே வழுக்கப் பார்க்கும். பின்சீட்டுல மூணு பேரு, அதுக்குப் பின்னால ஒரு மூட்டைன்னு ஏத்தினா இது இன்னும் கூடும்.

இதைத் தடுக்கத்தான் கம்பெனியே முன்னாடி 135, பின்னாடி 155 அளவு டயர் போட்டுக் கொடுத்தது. பின்சக்கரம் அகலமா இருக்கிறது அழகுக்கு இல்ல, உயிருக்கு. பழைய வண்டியில "நாலும் ஒரே சைஸ் போட்டாச்சு சார், ஸ்டெப்னிக்கு வசதி"ன்னு யாராவது சொன்னா அந்த வண்டியை அப்படியே விட்டுட்டு வாங்க.

4) நம்ம கரிசல் ரோடு. ஐப்பசி கார்த்திகையில டிராக்டர் சக்கரம் வயல்ல இருந்து களிமண்ணை இழுத்துட்டு வந்து தார் ரோட்டுல அப்பிட்டுப் போகும். அது மேல தூறல் விழுந்தா சோப்பு தடவின மாதிரி ஆயிடும். அறுவடை சமயத்துல கம்பு, மக்காச்சோளம், மல்லின்னு பாதி ரோட்டுல காயப் போட்டிருப்பாங்க. அது மேல பிரேக் அடிச்சா எந்த வண்டியும் வழுக்கும். ஏபிஎஸ் இல்லாத, முன்பக்கம் லேசான வண்டி இன்னும் சீக்கிரம் வழுக்கும்.

5) காத்து. உயரமான உடம்பு, 600 கிலோ எடை. வேம்பார் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில பக்கவாட்டுக் காத்து அடிக்கும்போது, எதிர்ல ஒரு லாரி கடந்து போனா வண்டி ஆடும்.

6) 2010-ல சில நானோ கார்கள் தீப்பிடிச்ச செய்தி வந்தது. அதுக்கப்புறம் கம்பெனி சைலன்சர், வயரிங் பகுதியில கூடுதல் பாதுகாப்பை இலவசமா செஞ்சு தந்தது. அந்தக் காலத்து வண்டியா இருந்தா இந்த வேலை நடந்திருக்கான்னு கேளுங்க. வெளிக்கடையில ஒட்டுப்போட்ட ஆடியோ, லைட் வயர் இருந்தா கழட்டச் சொல்லுங்க.

சரி.. முடிவு என்ன?

எந்த மருந்துக்கும் டோஸ் இருக்கு. யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாதுன்னு இருக்கு. நானோவுக்கும் அப்படித்தான்.

நாலு பேரா ஒரே பைக்கில போற குடும்பம், பக்கத்து ஊருக்குப் பதினஞ்சு இருபது கிலோமீட்டர், அதிகபட்சம் 50 வேகம், பகல் நேரம், எல்லாரும் பெல்ட். இந்த டோஸ்ல நானோ அந்த பைக்கை விட எவ்வளவோ மேல். தாராளமா வாங்குங்க. "டப்பா கார்"னு சிரிக்கிறவன் சிரிச்சுட்டுப் போகட்டும். மலிவான கார்னு விளம்பரம் செஞ்சது தப்புன்னு பின்னாடி ரத்தன் டாட்டாவே சொன்னார். அந்தப் பேர் வண்டியைக் கொன்னுச்சு. உங்க குடும்பத்தோட பாதுகாப்பை அந்தக் கேலி தீர்மானிக்க வேண்டாம்.

எட்டயபுரம் போய் நாலு வழிச்சாலை ஏறி 90-ல தூத்துக்குடி போகவா? வேண்டாம். கண்டிப்பா வேண்டாம்.

காரணம் சிம்பிள். 50 வேகத்துல மோதுறது பத்து மீட்டர் உயரத்துல இருந்து, அதாவது மூணாவது மாடியில இருந்து விழுறதுக்குச் சமம். வேகம் ரெண்டு மடங்கு ஆனா அடி நாலு மடங்கு. எதிர்ல லாரி வந்தா லேசான வண்டிதான் மொத்த அடியையும் வாங்கும். அந்தப் பயணத்துக்கு பஸ் இருக்கு. மதுரை, தூத்துக்குடின்னா பஸ்ல போங்க. அந்த ரோட்டுல பஸ்தான் நமக்குப் பெரிய கார்.

ஸ்போர்ட்ஸ் கார் தம்பிகளுக்கு..

ஜப்பான்ல டொயோட்டா ஏஇ86-ன்னு ஒரு ஹேட்ச்பேக் இருந்துச்சு. 1983-ல இருந்து 1987 வரைக்கும் செஞ்சாங்க. ரியர் வீல் டிரைவ். வளைவுல பின்பக்கத்தை வழுக்க விட்டு ஓட்டுற டிரிஃப்டிங்குக்கு இன்னைக்கும் அது சாமி மாதிரி. நீங்க ரீல்ஸ்ல பார்க்கிறது அதைத்தான். ஆனா அதுல இன்ஜின் முன்னாடி இருக்கு, பாரம் முன்னாடியும் பின்னாடியும் பகிர்ந்து நிக்குது, வழுக்கினாலும் திருத்திக்க நேரம் தரும். அதையும் தெரிஞ்சவங்க ரேஸ் டிராக்லதான் ஆடுவாங்க. குறுகலான, உயரமான, 12 இன்ச் சக்கரம் வெச்ச நானோ அந்த ஜாதி இல்ல.

நம்ம கோயம்புத்தூர்லயே ஜேஏ மோட்டார்ஸ்போர்ட் 'சூப்பர் நானோ'ன்னு ஒண்ணு செஞ்சாங்க. அதுக்கு இன்ஜின்ல இருந்து பிரேக், டயர், சஸ்பென்ஷன் வரைக்கும் மாத்த வேண்டியிருந்தது. ரேஸ் வண்டி செய்யத் தெரிஞ்சவங்களே அவ்வளவு மாத்தினாங்கன்னா, சைலன்சரையும் வீலையும் மட்டும் மாத்திட்டு நீங்க எதை நம்பி 100-ல போறீங்க தம்பி?

பின்சக்கர வண்டி ஓட்டுறதுல ஒரு சுகம் இருக்கு, ஒத்துக்கிறேன். ஸ்டீயரிங் லேசா, சுத்தமா இருக்கும். அந்தச் சுகத்தை 40 வேகத்துலயே அனுபவிக்கலாம்.

வாங்குறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

✅ ஆர்.சி. தேதி. தனியார் காருக்கு 15 வருஷம்தான். அதுக்கப்புறம் தகுதிச் சான்று வாங்கி அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். 2009, 2010 வண்டி எல்லாம் அந்தக் கெடுவைத் தாண்டியாச்சு. "பேப்பர் அப்புறம் பார்த்துக்கலாம்"னு சொன்னா அப்புறமே வாங்கிக்கோங்க.

✅ டயர் வயசு. டயர் பக்கவாட்டுல நாலு இலக்க எண் இருக்கும். 3217-ன்னா 2017-ம் வருஷத்து 32-வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். பட்டன் நல்லா இருந்தாலும் பழைய ரப்பர் காஞ்சு போயிருக்கும். மாத்துங்க.

✅ காத்து அழுத்தம். முன்னாடி வேற, பின்னாடி வேற. வண்டியில ஒட்டியிருக்கிற அளவுப்படி வைங்க. "எல்லாத்துக்கும் ஒண்ணா அடிச்சு விடு"ன்னு சொல்லாதீங்க.

✅ பெல்ட். முன்னாடி ரெண்டும், பின்னாடி இருக்கிறதும் இழுத்துப் பாருங்க. சீட்டுக்கு அடியில புதைஞ்சு கிடந்தா தோண்டி எடுங்க.

✅ பிரேக். உங்களுக்குத் தெரிஞ்ச மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போங்க. விக்கிறவரோட மெக்கானிக் வேண்டாம்.

✅ குழந்தை. மடியில வேண்டாம். 50 வேகத்துல மோதினா பத்துக் கிலோ பிள்ளை அந்த நொடியில கால் டன் கனக்கும். எந்தத் தாயோட கையும் அதைப் பிடிச்சு நிறுத்த முடியாது.

கடைசியா ரெண்டு விஷயம்.

ராத்திரி பிரசவ வலி, நெஞ்சு வலின்னா "நம்மகிட்டயே கார் இருக்கே"ன்னு கிளம்பாதீங்க. 108-க்கு அடிங்க. ஆக்சிஜனும் ஆளும் அதுலதான் இருக்கு. விபத்துல அடிபட்டவரையும் சின்னக் காரோட பின்சீட்டுல மடக்கித் திணிக்காதீங்க. கழுத்து எலும்பு உடைஞ்சிருந்தா அந்த ஒரு மடக்குலயே கை கால் போயிடலாம்.

2021 டிசம்பர்ல இருந்து நம்ம அரசோட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கு. விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கு, திட்டத்துல இருக்கிற ஆஸ்பத்திரியில சிகிச்சை இலவசம். காப்பீட்டு அட்டை இல்லைன்னாலும், எந்த ஊர்க்காரரா இருந்தாலும் பொருந்தும். பணத்தை யோசிச்சு நேரத்தை விடாதீங்க.

நானோ நல்ல காரா கெட்ட காரான்னு கேட்டா பதில் இல்ல. எந்த ரோட்டுல, எந்த வேகத்துல, யாரை ஏத்திட்டுப் போறீங்கன்னு சொல்லுங்க. பதில் அதுல இருக்கு.

வாங்கினவங்க மெதுவா போங்க. பெல்ட் போடுங்க. உங்களை ஓ.பி.யில பார்க்கலாம், கேஷுவாலிட்டியில வேண்டாம்.



அரசு மருத்துவர், எம்.பி.பி.எஸ்.
விளாத்திகுளம்