நாணயமும் நாணயத்தாளும்

நாணயம் என்னும் தமிழ்ச் சொல் இரு பொருள் தருவது. கையிலே புழங்கும் காசையும் அது குறிக்கும். சொல்லிலும் செயலிலும் பிறழாத நேர்மையையும் அது குறிக்கும். இவ்விரண்டும் ஒன்றையொன்று பிரியாதிருத்தல் வேண்டும் என எம் முன்னோர் கருதினர் போலும். இன்றோ, எமது நகரின் கடைவீதிகளில் இவை வெவ்வேறு வழி செல்லக் காண்கின்றோம். கல்லூரி அன்னை விழாக் காணும் இவ்வேளையில், அவள் புகழைப் பாடுவதோடு அமையாது, இதனையும் பழைய மாணவர் சிந்தனைக்கு வைத்தல் தகும் எனத் துணிந்தோம்.

எமது துறைமுகத்துக்கு வருங் கப்பல் தன் சரக்குப் பட்டியலைக் காட்டாது சரக்கை இறக்குதல் இயலாது. சீனக்குடா மா ஆலைக்கு வரும் கோதுமையின் நிறை, ஏற்றிய துறை, உரியவர் பெயர் ஆகிய யாவும் எழுத்தில் உள. அக்கோதுமையே மாவாகி, பாணாகி, பலகாரமாகிப் பெரியகடையிலோ உவர்மலையிலோ ஒருவர் கைக்கு வரும்போது, அது விற்கப்பட்டது என்பதற்கு ஒரு துண்டுக் கடிதமும் இருப்பதில்லை. கடலில் எழுதப்பட்ட கணக்குக் கரையில் அழிந்துவிடுகின்றது.

அண்மையில், வெளிநாட்டிலிருந்து வந்திருந்த நண்பர் ஒருவரோடு கடற்கரையோர விடுதி ஒன்றில் உணவருந்தினோம். கடனட்டையை நீட்டியபோது இயந்திரம் பழுது என்றனர். காசாகத் தந்தால் விலையிற் குறைப்போம் என்றனர். பற்றுச்சீட்டு வேண்டும் என்றதும் அக்குறைப்பு மறைந்தது. நண்பர் நகைத்தார். நாமும் நகைத்து, காசையே கொடுத்து, பற்றுச்சீட்டின்றி எழுந்து வந்தோம். வீதியை அடைந்த பின்னரே, அவ்வேய்ப்பில் எமக்கும் ஒரு பங்கு கிடைத்தது என்பது மனத்தில் உறைத்தது.

இங்கே ஒன்றைத் தெளிவாக்குதல் வேண்டும். காசிலே வணிகஞ் செய்தல் குற்றமன்று. திருக்கடலூர்க் கரையில் விடியற்காலையில் மீன் விற்பவரும், சந்தையில் மரக்கறி விற்கும் மூதாட்டியும் எம் சொல்லுக்கு இலக்கல்லர். 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய் வரையான தனிநபர் வருமானத்துக்கு வரியில்லை. பெறுமதி சேர் வரிக்குப் பதிய வேண்டிய எல்லையும் 2024 சனவரியில் ஆண்டுக்கு 6 கோடி ரூபாய் விற்பனை என வகுக்கப்பட்டது. ஆதலால் எளியோர் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. சட்டம் தந்த சலுகையைக் கொண்டு வரியைக் குறைத்தல் தவிர்ப்பு எனப்படும். உள்ளதை இல்லையென மறைத்தல் ஏய்ப்பு எனப்படும். உள்ளவர் செய்யும் ஏய்ப்பே எமது பொருள்.

அவ்வேய்ப்பின் பாரத்தைச் சுமப்பவர் யாவர்? 2019 இறுதியில் பெறுமதி சேர் வரி நூற்றுக்கு 15இலிருந்து 8 ஆகக் குறைக்கப்பட்டது. 2022இல் நாட்டின் வரி வருவாய் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் நூற்றுக்கு எட்டுக்கும் குறைவாயிற்று. அவ்வாண்டு ஏப்ரல் 12ஆந் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துதல் நிறுத்தப்படுவதாக அரசு அறிவித்தது. எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றதை எவரும் மறந்திலர். பின்னர் அவ்வரி 12 ஆகி, 15 ஆகி, 2024 சனவரியில் 18 ஆயிற்று. வரிக்குட்பட்ட 1,000 ரூபாய்ப் பொருளுக்குத் துறைமுகக் கூலியாளும் 180 ரூபாய் செலுத்துகின்றார். மாளிகைவாசியும் அதனையே செலுத்துகின்றார். வரம்பை மீறிய சம்பளம் பெறும் உத்தியோகத்தரின் வரியோ, சம்பளம் கைக்கு எட்டுமுன்னரே கழிக்கப்படுகின்றது. மறைக்க வல்லவர் மறைத்ததை மறைக்க இயலாதவர் இறுக்கின்றனர். இது நீதியாகுமா?

காசுத்தாளை ஒழித்தால் ஏய்ப்பும் ஒழியும் என்று எண்ணியோர் உளர். 1970 ஒக்டோபரில் நிதியமைச்சர் என். எம். பெரேரா, மறைத்த செல்வத்தை வெளிக்கொணரும் நோக்குடன், புழக்கத்திலிருந்த 50 ரூபாய், 100 ரூபாய்த் தாள்களைச் செல்லாதனவாக்கினார். இந்தியாவும் 2016 நவம்பர் 8ஆந் திகதி 500 ரூபாய், 1,000 ரூபாய்த் தாள்களைச் செல்லாதனவாக அறிவித்தது. அங்கே அத்தாள்களின் பெறுமதியில் நூற்றுக்கு 99க்கு மேல் வங்கிகளுக்கே மீண்டது என இந்திய ரிசர்வ் வங்கி 2018இல் அறிவித்தது. தாள் மாறிற்று, பழக்கம் மாறவில்லை.

மின்னணுவழிக் கொடுப்பனவு இதனினும் மென்மையான வழி. மத்திய வங்கி 2020இல் நாடெங்கும் பரப்பத் தொடங்கிய லங்கா கியூ.ஆர். அட்டை இன்று சிறு கடைகளிலும் தொங்குகின்றது. 2024 பெப்ரவரி முதல் இந்தியாவின் யு.பி.ஐ. முறையும் அதனோடு இணைந்தமையால், கோணேசர் தரிசனத்துக்கு வரும் இந்திய யாத்திரிகர் தம் கைத்தொலைபேசியாலேயே பணஞ் செலுத்தலாம். ஆயினும் இயந்திரம் மனிதனை நேர்மையாளனாக்கிவிடாது. கடையின் பெயரிலன்றி வீட்டார் ஒருவரின் சொந்தக் கணக்குக்குப் பணத்தை அனுப்பச் சொன்னால், அங்கும் பழைய கதையே.

வணிகர் தரப்பிலும் நியாயம் உண்டு. அட்டை வழி வரும் பணத்தில் வங்கி தரகு கழிக்கின்றது. போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து ஓடிய குடும்பங்களுக்கு மடியிலிருந்த காசும் நகையுமே உற்ற துணையாயின. அந்நினைவு எளிதில் அகலாது. செலுத்திய வரி எங்கே போகின்றது என்று கேட்போரையும் நாம் பழித்தல் இயலாது. வரி கேட்கும் அரசு, அவ்வரியைச் செலவிட்ட கணக்கையும் காட்டக் கடமைப்பட்டது. ஆனால், பிறன் கணக்குக் காட்டவில்லை என்பது நாம் கணக்கை மறைத்தற்கு விடையாகாது.

பழைய மாணவராகிய எமக்கு இதில் தனிக் கடன் ஒன்று உண்டு. 1945இல் இந்நாட்டிலே இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதன் பின் கற்றவருள் ஏழை மகன் வைத்தியனானான். மீனவர் மகன் பொறியியலாளனானான். அவர்தம் படிப்புக்கு ஈந்தவர், பெயரறியாத வரியிறுப்பாளரே. அவ்வாறு கற்ற வைத்தியர் மாலை வேளையில் பெறும் கட்டணத்துக்கும், சட்டத்தரணி பெறும் கூலிக்கும், ஆசிரியர் தனியார் வகுப்பில் உறையிலிட்டு வாங்கும் பணத்துக்கும் பற்றுச்சீட்டு எங்கே? அடுத்த தலைமுறையின் வகுப்பறைக் கூரை அப்பணத்தாலன்றோ வேயப்பட வேண்டும்?

ஆகவே நாம் வேண்டுவன சிலவே. தொழில் செய்யும் பழைய மாணவர், கேளாமலே பற்றுச்சீட்டு வழங்குக. பொருள் கொள்வோர் நாணாது அதனைக் கேட்டுப் பெறுக. எமது சங்கமும் இவ்விழா நிதிக்கு வந்த ஒவ்வொரு ரூபாவுக்கும் சீட்டு வழங்கி, வரவு செலவைக் கல்லூரி அறிவித்தற்பலகையில் யாவருங் காண இடுக. பிறர்க்கு உரைக்குமுன் எம் வீட்டைத் திருத்துதல் முறையன்றோ?

அந்த விடுதிக்கு நாம் மீண்டுஞ் செல்வோம். அங்குள்ள மீன்குழம்பு நன்று. இம்முறை முழு விலையுங் கொடுப்போம். பற்றுச்சீட்டுக் கைக்கு வரும்வரை ஆசனத்தினின்று எழோம்.