உயிரோடிருக்கும் நூலாசிரியர்

தமிழ்நாட்டுப் பள்ளியொன்றிற் பயிலும் சிறுவனிடம், "நூலாசிரியர் என்பவர் யார்?" என்று வினவினால், அவன் தரும் விடையில் தேர்வுத்தாளின் மணமே வீசும். பிறந்த ஊர், பெற்றோர் பெயர், இயற்றிய நூல்கள், வாழ்ந்த காலம். இவையே அவன் கற்ற 'ஆசிரியர் குறிப்பு'. வள்ளுவரும் ஔவையாரும் பாரதியாரும் பாவேந்தரும் அவனுக்கு ஒரே வரிசையில், ஒரே தொலைவில், மறைந்தோராகவே நிற்கின்றனர். தமிழில் எழுதுவதென்பது முன்னோர் செய்து முடித்துவிட்டுப் போன வேலை, எஞ்சியிருப்பது நெட்டுருச் செய்வது ஒன்றே என்று அவன் எண்ணிக்கொண்டால், அப்பிழை அவனுடையதன்று. உயிரோடிருக்கும் தமிழ் எழுத்தாளர் ஒருவரை அவன் கண்முன் கொண்டுவந்து நிறுத்தாத தமிழ்க் குமுகாயத்தினுடையது.

அத்தகைய எழுத்தாளர் இல்லாமலா போயினர்? பாவேந்தர் புதுவையிற் பள்ளியாசிரியராகவே நெடுங்காலம் வாழ்ந்து, சிறார்க்கென்று 'இளைஞர் இலக்கியம்' படைத்தளித்தார். 1950-ஆம் ஆண்டிலேயே சென்னையிற் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றிவிட்டது. அதனை வளர்த்த அழ. வள்ளியப்பா (1922–1989) வைப்பகத்திற் பணியாற்றிக்கொண்டே சிறார்க்குப் பாடினார். பாவலரேறு பெருஞ்சித்திரனார் 'தென்மொழி'யோடு அமையாது, இளையோர்க்கென்று 'தமிழ்ச்சிட்டு' நடத்தினார். சாகித்திய அக்காதெமி 2010 முதல் சிறார் இலக்கியத்திற்கெனத் தனி விருது வழங்கி வருகின்றது. முதலாண்டில் அதனைப் பெற்ற தமிழர் மா. கமலவேலன். கீழடியைக் கதைக்களமாக்கிய 'ஆதனின் பொம்மை'க்காக 2023-இல் உதயசங்கரும், 'தன்வியின் பிறந்தநாள்' நூலுக்காக 2024-இல் யூமா வாசுகியும் அதனைப் பெற்றனர். திரைப்பட நடிகர் இருபதின்மர் பெயரை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் பிள்ளைகளுள் எத்தனைபேர் இப்பெயர்களைக் கேட்டிருப்பர்?

பள்ளிகள் எழுத்தாளரை அழைப்பதே இல்லை என்று சொல்லுதற்கில்லை, அழைக்கின்றன. எப்படி அழைக்கின்றன என்பதுதான் கேள்வி. ஆண்டு விழா மாலையில் வரவேற்புரை, ஆண்டறிக்கை, தலைமையுரை, வாழ்த்துரைகள், திரைப்பாட்டுக்கு ஆட்டம் ஆகிய அனைத்தும் முடிந்தபின், தூங்கி விழும் பிள்ளைகள் எண்ணூற்றுவர் முன்னே அவரை நிறுத்துகின்றனர். "நேரமின்மையாற் சுருக்கமாகப் பேசுக" என்று ஒரு துண்டுத்தாளும் அவர் கைக்குப் போகின்றது. அவருடைய நூலொன்றை அவ்வரங்கில் ஒருவரும் படித்தவரல்லர். பொன்னாடை ஒன்று, ஒளிப்படம் ஒன்று. அத்துடன் பேருந்து நிலையத்திற்கு வழிகாட்டி விடுகின்றனர். பந்தல் அமைத்தவர்க்குக் கூலி உண்டு; ஒலிபெருக்கி வைத்தவர்க்குக் கூலி உண்டு; ஆட்டம் பயிற்றியவர்க்கும் உண்டு. எழுத்தாளர்க்கு மட்டும், "தமிழ்த்தொண்டு செய்பவர் பணத்தை எதிர்பார்ப்பாரா?" என்னும் பாராட்டே கூலி! பொன்னாடையை உலையிலிட்டால் சோறாகுமா? தமிழால் பிழைக்க வழியில்லை என்னும் பாடத்தை அன்று மேடையிலேயே பிள்ளைகட்குக் கற்பித்துவிட்டு, மறுநாள் வகுப்பில் தமிழ்ப்பற்றைப் பற்றிப் பேசுவது யாங்ஙனம் பொருந்தும்?

எழுத்தாளர் வருகை விழாவிற்கு ஒப்பனையன்று. அஃது ஒரு பாடம். எனவே, பாடத்திற்குரிய ஏற்பாடு அதற்கு வேண்டும்.

முதற்கண் நாள். குழந்தைகள் நாளாகிய நவம்பர் 14 அன்று எல்லாப் பள்ளிகளும் ஒரே எழுத்தாளரை அழைத்தால் அவர் எங்ஙனம் செல்வார்? விழா நாளை விடுத்து, பாடம் நடக்கும் ஒரு வெற்று நாளைத் தேர்தல் வேண்டும். பள்ளி திறந்து பிள்ளைகள் நிலைகொண்டபின், காலாண்டுத் தேர்வின் நெருக்கடி தொடங்குமுன், ஆடி ஆவணித் திங்கள்கள் ஏற்றவை. இரண்டு திங்களுக்கு முன்னரே மடல் எழுதி, எந்த வகுப்பு, எத்தனை பிள்ளைகள், எவ்வளவு நேரம், மதிப்பூதியம் எவ்வளவு, வழிச்செலவு எவ்வளவு என்பனவற்றைத் தெளிவாகத் தெரிவித்துவிட வேண்டும். ஒரு பள்ளியால் இயலாதாயின், அண்டையிலுள்ள மூன்று பள்ளிகள் சேர்ந்து ஒருவரை இரண்டு நாளைக்கு அழைத்துச் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். பெற்றோர் ஆசிரியர் கழகங்கள் இதற்கு உதவாமல் வேறு எதற்கு உதவப் போகின்றன?

அடுத்தது ஆளைத் தேர்தல். ஒன்றாம் இரண்டாம் வகுப்பினர்க்குப் பாட்டும் ஓசையும் விளையாட்டும் அறிந்தவர் வேண்டும். மூன்று முதல் ஐந்து வரை கதை சொல்பவர் வேண்டும். ஆறாம் வகுப்புக்கு மேல் அறிவியலோ வரலாறோ நெடுங்கதையோ எழுதுபவர் பொருந்துவார். எழுத்தாளர் அனைவரும் நாவலரல்லர் என்பர். உண்மையே. ஆயின் பிள்ளைகட்கு வேண்டுவது சொற்பொழிவன்று. தம் கதையில் ஒரு பக்கத்தைப் படித்துக்காட்டி, அடித்துத் திருத்திய கையெழுத்துப்படியைக் காட்டி, "இவ்விடத்தில் இச்சொல்லை ஏன் மாற்றினேன் தெரியுமா?" என்று அவர் கேட்டாற் போதும். எழுத்தென்பது வானத்திலிருந்து விழுவதன்று, ஒரு மாந்தன் அமர்ந்து செய்யும் வேலை என்பதைப் பிள்ளைகள் அந்நொடியே கண்டுகொள்வர்.

எல்லாவற்றினும் இன்றியமையாதது, அவர் வருமுன்னர் அவர் நூல் வந்திருத்தல். ஒரு திங்களுக்கு முன்னரே படிகளை வாங்கி, நூலகப் பாடவேளைகளில் உரக்கப் படித்துக்காட்டுதல் வேண்டும். பிள்ளைகள் தாங்களே வினாக்களை எழுதட்டும். ஆசிரியர் அவற்றைத் திருத்தி அழகுபடுத்த வேண்டா. "அந்த ஆட்டுக்குட்டி கடைசியில் என்ன ஆனது?" என்னும் கேள்வி, "தங்கள் இலக்கியப் பணியின் நோக்கம் யாது?" என்னும் கேள்வியினும் நூறு மடங்கு உயர்ந்தது. அரங்கில் ஒரு வகுப்பு, மிகுந்தால் இரண்டு வகுப்பு. நேரம் ஒரு பாடவேளை. மாலையும் வாழ்த்துரையும் தலைமையாசிரியர் அறையோடு நிற்கட்டும். அன்று நூல் விற்பனை நடப்பதாயின், காசில்லாப் பிள்ளை கைகட்டி நிற்கும் நிலை நேராதவாறு, பள்ளியே சில படிகளை வாங்கி வகுப்புக்குரியனவாக வைத்தல் வேண்டும். அவர் போனபின் பிள்ளைகள் எழுதும் கதைகளைத் தொகுத்துக் கையெழுத்து இதழாக்கி அவருக்கு ஒரு படி அனுப்பினால், அவ்வருகை அன்றோடு முடியாது.

இனி, இல்லத்து விழா. அணிச்சலை வெட்டி, மெழுகுதிரியை ஊதி அணைத்து, ஆங்கிலத்தில் வாழ்த்துப் பாடுவதே பிறந்தநாள் என்றாகிவிட்டது. ஒளியேற்றி வாழ்த்தும் மரபினர் வீட்டில் ஒளியை ஊதியணைத்தா வாழ்த்துவது? பாவலர் அறிவுமதி தமிழிற் பிறந்தநாள் பாட்டொன்று எழுதித் தந்துள்ளார். தமிழ் இல்லங்கள் சிலவற்றில் அது பாடப்பெறுகின்றது. அதனோடு நில்லாது, கோமாளி வேடத்தார்க்கும் ஊதுபைத் தோரணத்திற்கும் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு சிறார் எழுத்தாளர் ஒருவரை அழைக்கலாம். உணவுக்கு முன், பிள்ளைகள் களைப்படையுமுன், அரைமணி நேரம் போதும். பெரியோர் தம் உரையாடலை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளோடு தரையில் அமர்தல் வேண்டும். விருந்தினர் பிள்ளைகட்கு நெகிழிப் பொம்மைக்கு மாற்றாக அவ்வெழுத்தாளரின் சிறுநூல் ஒன்றை அவர் கையொப்பத்துடன் கொடுக்கலாம். பொம்மை மறுநாள் உடையும். தன் பெயரெழுதித் தந்த நூலை எந்தப் பிள்ளையும் எளிதில் எறிந்துவிடாது.

தனித்தமிழ் அன்பர்கட்கும் ஒன்று சொல்லுதற்குண்டு. 1916 முதல் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இவ்வியக்கம் பெரியோர்க்கு எழுதிக் குவித்ததில் நூறில் ஒரு பங்கையேனும் சிறார்க்கு எழுதியதா? தனித்தமிழென்பது கடுந்தமிழ் அன்று. பாட்டி சொல்லும் கதையிலும், தெருவிற் பிள்ளைகள் ஆடும் ஆட்டத்தின் சொற்களிலும் இயல்பாகவே ஊறிக்கிடப்பது அது. எனவே, அழைக்கப்பெற்ற எழுத்தாளர் ஓரிரு பிறசொற்களை ஆண்டுவிட்டார் என்பதற்காகப் பிள்ளைகள் முன் அவரை மடக்கி நிறுத்துவது பண்பும் அன்று, பயனும் அன்று. அவரினும் தூய்மையாகவும் அவரினும் சுவையாகவும் எழுதிக்காட்டுவதே சரியான மறுப்பு. வடசொற் பட்டியலை நீட்டினால் பிள்ளை ஓடும். நல்ல தமிழில் ஒரு நரிக்கதை சொன்னால் அதே பிள்ளை மடியில் வந்து உட்காரும்.

பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை என்று பள்ளிகள் கூறக்கூடும். ஆண்டுக்கு ஒரு பாடவேளை! ஆட்டப் பயிற்சிக்கு நாட்கணக்காய்க் கிடைக்கும் நேரம், தமிழ் எழுத்தாளர்க்கு நாற்பது மணித்துளி கிடைக்காதா? ஆங்கிலவழி வகுப்பிற் பயிலும் பிள்ளைக்கு இவ்வருகை இன்னும் மிகுதியாகத் தேவை. தமிழை ஒரு தாளாக மட்டுமே அறிந்த அப்பிள்ளை, அதனை ஆளும் ஒருவரை அன்றுதான் முதன்முதலாகக் காணும்.

மொழியை மேடைகள் காப்பதில்லை. அதில் எழுதத் துணியும் பிள்ளைகளே காப்பர். அத்துணிவு, "இவரைப்போல் நானும் எழுதலாமே" என்று ஒரு பிள்ளை நினைக்கும் நொடியிற் பிறப்பது. அந்நொடி தானே வராது. ஒரு மடல் எழுதி, சில நூல்கள் வாங்கி, ஒரு நாற்காலி போட்டு வரவழைக்க வேண்டும். தமிழாசிரியர்கள் இவ்வாண்டே அம்மடலை எழுதுக! பெற்றோர் அந்நூல்களை வாங்குக!