'சேர்'ஐ விடுங்கள், 'லாம்'ஐப் பிடியுங்கள்

தேஹு ரோடில் நாலு தமிழ்க் குடும்பம் ஒரு விசேஷத்தில் சேர்ந்து உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று எனக்கு மனப்பாடம். பிள்ளைகள் தமிழ். யாராவது ஒருவர் ஆரம்பிப்பார்: "என் பொண்ணு சேர்னு சொல்ல மாட்டா சார், நாற்காலின்னுதான் சொல்லுவா." உடனே எல்லோருக்கும் புல்லரிக்கும். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பென்றாலும் இதே கதைதான். பழங்கள், விலங்குகள், வண்ணங்கள் என்று சுவரில் அட்டைகள். குழந்தை 'ஒட்டகச்சிவிங்கி' என்று சொன்னதும் கைதட்டல். ஐயா, கன்டோன்மென்ட் ஊரில் ஒட்டகச்சிவிங்கியை எங்கே பார்த்து அது பேசப் போகிறது?

பெயர்ச்சொல் வரும், போகும். நாம் குடியிருக்கும் மராத்தி மண்ணையே பாருங்கள். தர்பாரில் பாரசீகச் சொல் மலிந்துவிட்டது என்று சிவாஜி மகாராஜா 1677 வாக்கில் 'ராஜவியவஹார கோசம்' என்ற அகராதியையே தொகுக்க வைத்தார். பாரசீக நிர்வாகச் சொற்களுக்கு சமஸ்கிருத மாற்றுச் சொற்கள். முன்னூற்றைம்பது வருஷம் கழித்தும் ஜமீன், பஜார், தாரீக், அர்ஜ் எல்லாம் மராத்தியில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கின்றன. மராத்தி செத்தா போயிற்று? இல்லையே. ஏனென்றால் 'பாஹிஜே' (வேண்டும்), 'நகோ' (வேண்டாம்), 'யேஊ நயே' (வரக் கூடாது), 'யேஊ தே' (வரட்டும்) இதிலெல்லாம் யாரும் கை வைக்கவில்லை. ஹிந்தியும் அப்படித்தான். பாரசீகத்திலிருந்து 'ஷாயத்'தை வாங்கிக்கொண்டது. அது வாக்கியத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொள்கிற உதிரிச் சொல். 'பாயத்' (வேண்டும்) என்பதை வாங்கவில்லை. அந்த இடத்தில் 'சாஹியே' நின்றுகொண்டது.

ஆக, ஒரு மொழிக்குள் ஆசை, அனுமதி, கட்டாயம், இயலாமை, சந்தேகம் இதையெல்லாம் சொல்கிற சின்னச் சின்ன வால்கள்தான் வீட்டின் தூண். நம் பிள்ளைகளிடம் முதலில் ஆடுவதும் அந்தத் தூண்தான். நாம் ஜன்னல் திரைச்சீலையை இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறோம்.

போன தீபாவளிக்கு முன்னால் பக்கத்து வீட்டில் நடந்தது. பையனுக்கு பரீட்சை. ஊரிலிருந்து ஆச்சி போனில், "தீபாவளிக்கு வரியாய்யா?" பையன் மனசுக்குள் ஓடியது ஹிந்தி: 'நஹீ ஆவூங்கா'. வாயில் வந்தது: "வர மாட்டேன் ஆச்சி." அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "என்னால வர முடியாது ஆச்சி" என்பதற்கும் "வர மாட்டேன்" என்பதற்கும் நடுவில் ஒரு முழு உறவு இருக்கிறது என்று யார் அவனுக்குச் சொன்னது? ஒட்டகச்சிவிங்கி அட்டையா? ஆச்சி இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். (இந்த 'ஆம்'ஐயும் கவனியுங்கள். நான் பார்க்கவில்லை, கேட்டேன், அவ்வளவுதான் என்று ஒரே எழுத்துக் கூட்டில் சொல்லிவிடலாம். மராத்திக்காரர் இதற்கு 'ம்ஹணே' போடுவார்.)

வேடிக்கை என்னவென்றால் பழைய தமிழில் 'மாட்டுதல்' என்றால் இயலுதல். 'மாட்டாமை' என்றால் இயலாமை. அந்தக் காலத்து ஆச்சியாக இருந்தால் பையனை மன்னித்திருப்பார். இன்றைக்கு அது மறுப்பு, பிடிவாதம். அதனால்தானே "மழை நிக்க மாட்டேங்குது", "வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது" என்று புனே ஜூலை மாதத்தைத் திட்டுகிறோம்! ஸ்கூட்டருக்கும் ஒரு வீம்பு இருப்பதாகப் பேச நமக்கு ஒரு வினைச்சொல் போதும்.

உடனே "உலகத்தில் தமிழுக்கு மட்டும்தான் இது உண்டு" என்று யாராவது கொடி பிடிக்கக் கிளம்பினால், தயவுசெய்து வேண்டாம். புனேவுக்குப் படிக்க வந்த ஈரானிய மாணவர் ஒருவரிடம் கொஞ்ச நாள் பாரசீகம் கற்றேன். 'நான் போகலாமா?' என்பதற்கு அவர்கள் பேச்சு வழக்கில் 'மீஷே பெரம்?' என்கிறார்கள். 'மீஷே' என்பது 'மீஷவத்', அதாவது 'ஆகும்'. நம்முடைய 'போகலாம்' என்ன? போகல் + ஆம். அந்த 'ஆம்' என்பதும் 'ஆகும்'தான். சம்பந்தமே இல்லாத இரண்டு மொழிக் குடும்பங்கள், அனுமதி கேட்க ஒரே கதவைத் தட்டுகின்றன. 'ஷாயத்' இன்னும் சுவாரஸ்யம். 'தகும்' என்ற பொருளில் பிறந்த வினைச்சொல், இப்போது 'ஒருவேளை' ஆகிவிட்டது. நம் 'கூடும்' போல. ஒரு விஷயத்தில் அவர்கள் நம்மைவிடக் கறார்: 'மீஹாஹம் பெரவம்' என்றால் போக ஆசை, 'பாயத் பெரவம்' என்றால் போயே தீர வேண்டும். நாம் இரண்டுக்கும் "நான் போகணும்" என்று சொல்லிவிட்டு, மிச்சத்தைக் குரலிலும் முகத்திலும் வைக்கிறோம்.

அந்தக் குரலும் முகமும்தான் வீட்டில் நாம் பேசாவிட்டால் பிள்ளைக்குப் போய்ச் சேராது. அட்டை வாங்கி ஒட்டினால் வராது.

"இலக்கணமெல்லாம் குழந்தைக்கு எதுக்கு சார்?" என்பார்கள். இலக்கணம் யார் சொல்லித்தரச் சொன்னது? இன்னொன்று, பக்கத்திலேயே உதவி இருக்கிறது. 'மாஜ்யானே சாலவத் நாஹீ' என்று மராத்திப் பாட்டி சொல்வது அப்படியே நம் 'என்னால நடக்க முடியல'தான். 'நகோ'வுக்கு 'வேண்டாம்' அச்சு அசல் ஜோடி. ஹிந்தியில் இதற்கு ஒற்றைச் சொல் தேட வேண்டும். மராத்தி நன்றாகப் பேசும் பிள்ளைக்கு அந்த வழியாகவே தமிழை உள்ளே கொண்டு வரலாம். மராத்தியைக் கண்டால் முகம் சுளிக்கும் நம்மவர்களுக்கு இது உறைக்க மாட்டேங்குது.

அடுத்த முறை லோணாவளா லோக்கலுக்காக ஸ்டேஷனில் நிற்கும்போது அட்டையும் வேண்டாம், பாடப்புத்தகமும் வேண்டாம். பூட்டிக் கிடக்கிற அந்த டிக்கெட் ஜன்னலைக் காட்டிக் கேளுங்கள்: திறக்க மாட்டாரா, திறக்க முடியலையா, திறக்கக் கூடாதா, இல்லை இனிமேல் திறக்கலாமா? நாலுக்கும் பிள்ளை நாலு கதை சொன்னால், அது 'சேர்' என்றே சொல்லிவிட்டுப் போகட்டும்.